ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி.: மலையகத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொக்டர் ‘எக்சசைஸ் ஈ.சி.ஜி.’ என்று துண்டு எழுதிக் கொடுத்தால் போதும், கிளினிக் வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் போவதற்குள் ஆளுக்கொரு கதை சொல்லிவிடுகிறார்கள். ஓடவிட்டு ஆளை விழுத்துவார்கள் என்கிறார் ஒருவர். உடம்பில் கரண்ட் வைப்பார்கள் என்கிறார் இன்னொருவர். நான் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலையில் இருப்பவள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நம் சனங்கள் என்னிடம் கேட்பவற்றையும், கேட்கத் தயங்கி மனதோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, நல்லா இருக்குன்னும் சொன்னாங்க. பிறகு எதுக்கு இது?

படுத்திருக்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளில் ஒன்று பாதிக்குமேல் அடைத்திருந்தாலும், சும்மா இருக்கும் நேரத்துக்குத் தேவையான இரத்தம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். லயத்துக்கு மலையிலிருந்து வரும் பீலித் தண்ணியை நினைத்துப் பாருங்கள். குழாயில் இலைகுழை அடைத்திருந்தாலும் ஒரு வீட்டுக்காரர் மட்டும் பிடிக்கும்போது குடம் நிறைந்துவிடும். காலையில் எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் பிடிக்கும்போதுதான் அடைப்பு இருப்பது தெரியும்.

அதனால்தான் ட்ரெட்மில் என்ற ஓடும் பட்டியில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி, இதயத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டே ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். இரத்தம் போதாத இடத்தில் ஈ.சி.ஜி. கோடு கீழே இறங்கும். கூடவே பிரஷர் எப்படி ஏறுகிறது, நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, எவ்வளவு தூரம் உங்களால் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதும் பதிவாகும்.

மேட்டுல ஏறினா எல்லாருக்குந்தானே மூச்சு வாங்கும்? இதெல்லாம் ஒரு வருத்தமா?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். மலைநாட்டில் சமதரையே அபூர்வம். பிறந்த நாளிலிருந்து ஏறி இறங்கிய உடம்பு, மூச்சு வாங்குவதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதே இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கேயே வாழ்கிறவருக்கு அந்தக் காற்று பழகிய காற்று. போன வருடம் இல்லாத இளைப்பு இந்த வருடம் வந்தால் அதற்குக் காரணம் மலை இல்லை.

ஆகவே மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் உங்களை நீங்களே கேட்காதீர்கள். முன்பு ஒரே மூச்சில் ஏறிய இடத்தில் இப்போது நின்று நின்று போகிறீர்களா? கொழுந்தைச் சுமந்து, அதை நிறுக்கும் மடுவத்துக்குப் போகும்போது, கூட வருபவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு நீங்கள் பின்தங்குகிறீர்களா? விடியற்காலைக் குளிரில் வெளியே இறங்கியதும் நெஞ்சை அமத்துகிறதா? சாப்பிட்ட கையோடு மேட்டில் ஏறினால் கூடுகிறதா? நின்றால் சில நிமிடங்களில் போய்விடுகிறதா? இதில் எதற்காவது ‘ஆம்’ என்றால் டொக்டரிடம் இடத்தின் பெயரோடு சொல்லுங்கள். “கோயில் படியில் பாதியில் நிற்கிறேன், போன தீபாவளிக்கு அப்படியில்லை” என்ற ஒரு வசனம், “களைப்பா இருக்கு” என்பதைவிட எவ்வளவோ உதவும்.

நோவு நெஞ்சில்தான் வரவேண்டும் என்றும் இல்லை. இடது கை, தோள், தாடை, கழுத்து, மேல்வயிறு எங்கும் வரலாம். மேல்வயிற்றில் வந்தால் கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லி மாதக்கணக்காகக் குளிசை போடுகிறவர்கள் நிறையப் பேர். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே தெரியாமல் இருக்கலாம். பெண்களிலும் பலருக்கு மூச்சுத் திணறலும் அடங்காத களைப்பும்தான் முதலில் தெரிகின்றன.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லவேண்டும். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு நோவு வந்து 15 நிமிடத்துக்குமேல் நின்றால், வியர்த்துக் கொட்டினால், அது இந்தப் பரிசோதனைக்கான திகதி வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு உடனே அழையுங்கள். அதற்குக் காசு இல்லை.

சாப்பிடலாமா? தேத்தண்ணி குடிக்கலாமா?

பரிசோதனைக்கு 2, 3 மணித்தியாலம் முன்பு இலேசாகச் சாப்பிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் குமட்டும். ஒன்றும் சாப்பிடாமல் வருவது அதைவிட மோசம். விடிய 4 மணிக்கு எழும்பி, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல், வளைவு வளைவான பாதையில் கண்டிக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் ஒருவரை ட்ரெட்மில்லில் ஏற்றினால், தலைசுற்றுவது பசியாலா இதயத்தாலா என்று பிரிக்க முடியாமல் போகும்.

தேத்தண்ணியும் கோப்பியும் அன்று காலை வேண்டாம். அவற்றில் இருக்கும் கஃபீன் துடிப்பைக் கூட்டும். மருந்து ஏற்றிச் செய்யும் சில வகை ஸ்கேன்களுக்கு இது இன்னும் முக்கியம். 12 முதல் 24 மணித்தியாலம் வரை தேத்தண்ணி கூடாது என்பார்கள். தேயிலைக்குள்ளேயே வாழும் நமக்கு ஒரு காலை பிளேன்டீ இல்லாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் சமாளியுங்கள். வெற்றிலையும் அன்று வேண்டாம். பாக்கும் புகையிலையும் இரண்டுமே துடிப்பையும் பிரஷரையும் மாற்றும். பீடி, சிகரட், முதல் நாள் இரவுச் சாராயம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தினமும் போடும் குளிசைகளை நிறுத்தவேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அட்டெனலோல், பிசொப்ரோலோல், மெட்டொப்ரோலோல், கார்வெடிலோல் போன்றவை துடிப்பு வேகமாக ஏறவிடாமல் பிடித்து வைத்திருப்பவை. அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் பரிசோதனை என்றால், ஒன்றிரண்டு நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்லலாம். ஏற்கெனவே தெரிந்த வருத்தத்துக்கு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு என்றால், குளிசையைப் போட்டுக்கொண்டே வரச் சொல்வார்கள். எது உங்களுக்கு என்பதைத் துண்டு எழுதிய டொக்டர்தான் சொல்லவேண்டும். இந்தக் குளிசைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சு நோவு திரும்பவும் கூடுதலாக வரக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்ளசைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்களும் அன்றைய காலை அளவைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பையில் நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் சீனியும் இருக்கட்டும். குளிசைகளின் பெயர் ஞாபகம் இல்லை என்று வெட்கப்படவேண்டாம், மட்டைகளை அப்படியே கொண்டுவாருங்கள்.

சேலை கட்டிக்கொண்டு வரலாமா?

வரும்போது கட்டிக்கொண்டு வாருங்கள். நடக்கும்போது ஆகாது. ஓடும் பட்டியில் கொசுவம் காலில் சிக்கும். தளர்வான காற்சட்டை அல்லது சல்வார், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்று பையில் இருந்தால் போதும். ஆண்களும் சாரத்தோடு ஏறமுடியாது. காலுக்கு கென்வஸ் சப்பாத்து நல்லது. இல்லாவிட்டால் மகனுடையதையோ மகளுடையதையோ போட்டுக்கொண்டு வாருங்கள். றப்பர் செருப்பு வழுக்கும்.

இன்னொன்று, நெஞ்சில் எதுவும் பூசிக்கொண்டு வராதீர்கள். குளிர் காலத்தில் நெஞ்சு நிறைய சித்தாலேப பூசிக்கொண்டு வருவார்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார்கள். இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டாது, கோடு நடுங்கும்.

அறைக்குள் யார் யார் இருப்பார்கள்? உடுப்பைக் கழற்றவேண்டுமா?

இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, திகதி கிடைத்தும் வராமலே இருந்துவிட்ட அக்காமார் உண்டு. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். நெஞ்சிலும் வயிற்றுப் பக்கத்திலுமாகப் பத்து ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். சில, இடது மார்புக்குக் கீழே வரும். அந்த இடத்தில் துணி இருக்கமுடியாது. ஒட்டி முடித்ததும் முன்பக்கம் திறக்கும் சட்டையையோ ஆஸ்பத்திரி கவுணையோ மேலே போட்டுக்கொண்டுதான் நடப்பீர்கள். அறையில் டொக்டர் ஒருவரும், ஈ.சி.ஜி. எடுப்பவரோ தாதியோ ஒருவரும் இருப்பார்கள். ஒட்டுவதற்குப் பெண் ஒருவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தேவையில்லை, ஒட்டும் இடத்தில் படாமல் ஒதுக்கிக் குத்திவிட்டால் சரி.

ஆண்களுக்கு நெஞ்சு முடியை அங்கங்கே வழிப்பார்கள். தோலைக் கொஞ்சம் தேய்ப்பார்கள், இலேசாக எரியும். வயர்கள் உடம்பிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்குகின்றன, அவ்வளவுதான். உடம்புக்குள் எந்தக் கரண்டும் போவதில்லை.

தொடங்குமுன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். விளங்காத மொழியில் இருந்தால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

ஓடவேண்டுமா? எவ்வளவு நேரம்?

பெரும்பாலானோருக்கு ஓட்டம் வரைக்கும் போவதே இல்லை. அதிகம் பயன்படுவது புரூஸ் முறை. அமெரிக்க இதயநோய் மருத்துவர் ரொபர்ட் புரூஸ் 1960களில் அமைத்தது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீற்றர், ஏற்றம் 10 சதவீதம், அதாவது பத்தடி போனால் ஓரடி உயர்வு. அடுத்தது மணிக்கு 4 கிலோமீற்றர், ஏற்றம் 12. மூன்றாவது 5.5 கிலோமீற்றர், ஏற்றம் 14. வயதானவர்களுக்கும் பலவீனமானவர்களுக்கும் சமதரையிலிருந்து மெதுவாகத் தொடங்கும் மாற்று முறையும் உண்டு.

தோட்டப் பாதையில் கூடை சுமந்து ஏறியவருக்கு இந்த ஏற்றம் பெரிதில்லை. கால் தடுமாறுவது பட்டி நகர்வதால்தான். முதல் அரை நிமிடம் தரை வழுக்கிப் போவதுபோல இருக்கும். கீழே பார்க்காதீர்கள், நேரே சுவரைப் பாருங்கள். கம்பியில் விரலை வைத்துக்கொண்டால் போதும். அதில் தொங்கினால் உடம்பின் பாரத்தைக் கை வாங்கிக்கொள்ளும், கணக்குப் பிழைத்துவிடும்.

220இலிருந்து வயதைக் கழித்து வருவதில் 85 சதவீதமாவது துடிப்பு ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். 55 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 140. பலர் 6 முதல் 12 நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். அதன்பிறகு உட்காரவோ படுக்கவோ வைத்து, துடிப்பும் பிரஷரும் பழைய நிலைக்கு வரும்வரை பார்ப்பார்கள். நடக்கும்போது தெரியாத மாற்றம் சிலருக்கு இந்த ஓய்வு நேரத்தில் தெரியவரும், அதனால் முடிந்துவிட்டது என்று வயரைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

எனக்குச் சிங்களம் சரியா வராது. டொக்டருக்குத் தமிழ் வராட்டி?

மூச்சிரைக்க நடந்துகொண்டிருக்கும்போது மொழிபெயர்ப்புக்கு நேரம் இருக்காது. ஏறுமுன்னரே கை அடையாளம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: நெஞ்சில் கை வைத்தால் நோவு, உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. நாலு சொல் தெரிந்தாலும் போதும். நெஞ்சு நோவுக்கு ‘பபுவ ரிதெனவா’, மூச்செடுக்கக் கஷ்டம் என்றால் ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’, தலைசுற்றினால் ‘ஒளுவ கெரகெனவா’, நிறுத்தச் சொல்ல ‘நவத்தன்ன’. தமிழும் சிங்களமும் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிவந்தால், பரிசோதனைக்கு முன்பு வருத்தத்தை விளக்கமாகச் சொல்ல உதவியாக இருக்கும்.

நடுவில் நெஞ்சு நொந்தால் சொல்லவேண்டுமா? சொன்னால் பெயில் போட்டுவிடுவார்களே?

தயவுசெய்து சொல்லுங்கள். எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டு, இறங்கிய பிறகு வெளியில் உள்ள வாங்கில் உட்கார்ந்து மனைவியிடம் “நொந்தது, நான் காட்டிக்கொள்ளவில்லை” என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், வருத்தக்காரன் என்று எழுதிவிட்டால் மலைக்கு விடமாட்டார்கள், அன்றைய வேலைப் பேர் போகும், சம்பளம் போகும் என்பார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது நாட்சம்பளத்தில்தான். ஆனால் இது சித்தி எய்யவேண்டிய சோதனை இல்லை. நோவு எந்த நிமிடத்தில், எந்தத் துடிப்பில் வந்தது என்பதுதான் டொக்டர் தேடும் விடை. அதை மறைத்தால் வீண் போவது நீங்கள் மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய திகதி.

நீங்கள் சொல்லாவிட்டாலும் சில அறிகுறிகளைக் கண்டு அவர்களே நிறுத்துவார்கள்: நடக்க நடக்க ஏறவேண்டிய பிரஷர் இறங்கினால், துடிப்பு ஆபத்தான விதமாகத் தாறுமாறானால், கோட்டில் பெரிய மாற்றம் தெரிந்தால், முகம் வெளிறினால். நீங்களாக நிறுத்தச் சொன்னாலும் கேள்வி கேட்காமல் நிறுத்துவார்கள்.

உயிருக்கு ஆபத்து உண்டா?

மிகக் குறைவு. மாரடைப்போ மரணமோ நேர்வது கூடினால் 2,500 பரிசோதனைக்கு ஒன்று, பல இடங்களின் பதிவில் 10,000க்கு ஒன்று என்ற அளவுதான். டொக்டர் பக்கத்திலேயே இருக்கிறார், இதயத்தை அதிரவைத்து மீட்கும் இயந்திரமும் ஒட்சிசனும் அறைக்குள்ளேயே இருக்கின்றன. வருத்தத்தோடு தனியாகத் தேயிலை மலையில் ஏறுவதைவிட இங்கே நடப்பது பாதுகாப்பு.

யாருக்கு இதைச் செய்யமாட்டார்கள்? எனக்கு முழங்கால் ஏலாது.

மாரடைப்பு வந்து 2 நாள் ஆகாதவர்கள், ஓய்விலும் நோவு அடங்காதவர்கள், இதயப் பலவீனத்தால் மூச்சுத்திணறல் கூடியிருப்பவர்கள், பெருநாடி வால்வு மிகவும் சுருங்கி அதனால் மயக்கமோ நோவோ வருபவர்கள் ஆகியோருக்குச் செய்வதில்லை. அன்று காலை பிரஷர் 200/110க்கு மேல் இருந்தாலும் பெரும்பாலும் ஒத்திவைப்பார்கள். தடிமன் காய்ச்சலோடு வராதீர்கள்.

முழங்கால் நோவு, பழைய பாரிசவாதம், கால் வெட்டப்பட்டவர்கள் போன்றோருக்கு டொபியுட்டமின் என்ற மருந்தை ஊசியாக ஏற்றி, துடிப்பைக் கூட்டி எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுப்பது ஒரு வழி. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், ஓய்வு ஈ.சி.ஜி.யிலேயே சில வகைக் கோளாறு உள்ளவர்களுக்கும் நடக்கவிட்டாலும் கோட்டை வாசிக்க முடியாது. அவர்களுக்கும் வேறு வழிதான்.

‘பொசிட்டிவ்’ என்றால் ஒபரேஷனா?

இல்லை. அடைப்பு இருக்கக்கூடும் என்று கோடு காட்டுகிறது என்பதுதான் அதன் பொருள். இந்தப் பரிசோதனை முழுக்கச் சரியானதும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரைத்தான் இது பிடிக்கிறது. அடைப்பு இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பொசிட்டிவ் காட்டிவிடுகிறது. பெண்களில் இந்தப் பொய்ப் பொசிட்டிவ் கூடுதல். அதனால்தான் 2019இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல், வசதி உள்ள இடங்களில் சி.டி. அஞ்சியோகிராமையோ (இதய நாடிகளைக் காட்டும் படம்) படம் பிடிக்கும் வேறு பரிசோதனைகளையோ முதலில் செய்யச் சொன்னது. ஆனால் மலையகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது ட்ரெட்மில்தான். சரியான ஆளுக்குச் செய்தால் இன்றும் அது பயனுள்ளதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பொசிட்டிவ் வந்தால் எந்த நிமிடத்தில் வந்தது என்று பார்ப்பார்கள். முதல் 3 நிமிடத்திலேயே வந்தால் தாமதிக்காமல் அஞ்சியோகிராமுக்கு அனுப்புவார்கள். 9 நிமிடம் தாண்டிக் கொஞ்சமாக வந்தால், அஸ்பிரின், கொலஸ்ட்ரோல் குளிசை, துடிப்பைக் குறைக்கும் குளிசை கொடுத்து கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை தந்தால், அதை உட்கார்ந்துகொண்டே வையுங்கள், பிரஷர் இறங்கித் தலைசுற்றும். 5 நிமிடத்தில் நோவு குறையாவிட்டால் 1990.

‘நெகட்டிவ்’ வந்தது. அப்போ ஒன்றும் இல்லைதானே?

நல்ல செய்திதான். அதிலும் மூன்றாவது கட்டம் முடிய நடந்து கோடும் நன்றாக இருந்தால் மிக நல்ல செய்தி. ஆனால் இந்தப் பரிசோதனை பிடிப்பது இரத்த ஓட்டத்தைக் குறைக்குமளவு பெரிய அடைப்பை. சிறிய கொழுப்புப் படிவு திடீரென வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தாலும் மாரடைப்பு வரும், அதை முன்கூட்டிக் காட்டும் சக்தி இதற்கு இல்லை. நோவு தொடர்ந்தால் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், திரும்பிப் போங்கள்.

துடிப்பு போதுமான அளவு ஏறுமுன் கால் வலித்து இறங்கிவிட்டால் அது நெகட்டிவும் இல்லை, பொசிட்டிவும் இல்லை. ‘முடிவு சொல்லமுடியாது’ என்று எழுதுவார்கள்.

எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிரைவேட்டில் காசு கட்டி ஒருதரம் செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம் என்பேன். அறிகுறி இல்லாதவருக்குப் பொய்ப் பொசிட்டிவ் வருவதற்குத்தான் வாய்ப்புக் கூட. பிறகு பயம், மேலும் பரிசோதனை, மேலும் செலவு. அந்தக் காசில் சீனியும் கொலஸ்ட்ரோலும் பாருங்கள். பிரஷரைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே பார்க்கலாம்.

பரிசோதனை முடிந்து உடனே பஸ் ஏறலாமா? சிவனொளிபாத மலைக்குப் போகலாமா?

அரை மணித்தியாலமாவது உட்கார்ந்து, தண்ணி குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சுடுதண்ணிக் குளியல் சில மணித்தியாலம் கழித்து. அன்று வேலை வேண்டாம்.

சிவனொளிபாதம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி, அதுவும் இரவுக் குளிரில், பலர் தூங்காமல் ஏறுவது. நெஞ்சு நோவுக்காகத் துண்டு எழுதப்பட்டவர் முடிவைக் காட்டி டொக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது. டிசம்பரிலிருந்து மே வரை பருவம், அவசரமில்லை. திருவிழாவில் காவடி எடுப்பவர்களும், காமன் கூத்தில் விடிய விடிய ஆடுபவர்களும், தப்பு அடிப்பவர்களும் இதையே கேட்டுக்கொள்ளவேண்டும். நேர்த்திக்கடன் என்று சொல்லித் தயங்கினால், வேறொருவர் உங்களுக்காக எடுக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். பல கோயில்களில் சம்மதிப்பார்கள்.

ரிப்போர்ட்டை என்ன செய்வது?

கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள், கூடவே பிள்ளையின் போனில் படம் எடுத்து வையுங்கள். லயத்தில் மழை ஒழுகி, ஈ.சி.ஜி. தாள் ஒட்டிப்போய், எழுத்து அழிந்து வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சில ஈ.சி.ஜி. தாள்கள் வெயிலிலும் சூட்டிலும் தானாகவே மங்கும், அதனால் ஒரு போட்டோகொப்பி எடுப்பது நல்லது. பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும் எறியாதீர்கள். அடுத்தமுறை ஈ.சி.ஜி. எடுக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழையது ஒன்று இருந்தால், எது புதிது என்று டொக்டருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.